தட்டு வெறுமையாகத் திரும்பாது

மார்கழி மழை விடாமல் தூறிக்கொண்டிருக்கும் நத்தார் காலையில், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் படலையடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும். ஒரு கையில் குடை, மறு கையில் துணி மூடிய தட்டு. நாலு துண்டு கேக், அச்சுப் பலகாரம், கொஞ்சம் பயத்தம் பணியாரம். அம்மா அதை வாங்கி வைத்துவிட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு கை சீனியாவது போட்டுத்தான் திருப்பி அனுப்புவார். வெறுந்தட்டைக் கொடுக்க அவருக்கு மனம் வராது.

அந்தச் சீனிக்குப் பின்னால் இருக்கும் உறுத்தலை அமெரிக்கச் சமூகவியலாளர் பிலிப் குன்ஸ் 1970களில் சோதித்துப் பார்த்தார். முன்பின் தெரியாத கிட்டத்தட்ட 600 பேருக்கு நத்தார் வாழ்த்து அட்டை அனுப்பினார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பதில் அனுப்பியிருந்தார். அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஆனாலும் அட்டை வந்துவிட்டதே!

சரி, திரும்ப எதுவும் வராது என்று தெரிந்தும் கொடுக்கிறோமே, அது எப்படி? 2006இல் ஜோர்ஜ் மோல் என்ற நரம்பியலாளரும் சகாக்களும் 19 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, தொண்டு அமைப்புகளுக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சொன்னார்கள். தங்களுக்குக் காசு கிடைத்தபோது மூளையின் ஆழத்தில் எந்த வெகுமதிப் பகுதிகள் விழித்துக்கொண்டனவோ, கொடுக்க முடிவெடுத்தபோதும் அவையே விழித்துக்கொண்டன. அதோடு, பாசப் பிணைப்போடு தொடர்புள்ள இன்னொரு பகுதியும் சேர்ந்துகொண்டது. ‘கொடுத்தால் டோபமைன் (வெகுமதி உணர்வோடு தொடர்புள்ள மூளை இரசாயனம்) சுரக்கும்’ என்று இதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். அந்தக் கருவி அளப்பது இரத்த ஓட்டத்தின் மாற்றத்தை மட்டும்தான்.

ஆக, கொடுத்தால் மனம் குளிரும்படிதான் மூளை அமைந்திருக்கிறது. அப்படியானால் ஏன் சில வேளை பார்த்தும் பாராமல் போகிறோம்?

இதற்கு நான் என் கதையையே சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் 24ஆம் திகதி மாலை, பஸ் நிலையப் பக்கம். மழை. பேக்கரி பூட்டுவதற்குள் கேக்கை எடுக்க வேண்டும். வழியில் ஒரு ஐயாவின் கடதாசிப் பை நனைந்து கிழிந்து, அரிசி நிலத்தில் கொட்டிக் கிடந்தது. அவர் குனிந்து கையால் அள்ளிக்கொண்டிருந்தார். கண்டேன். யாராவது உதவுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன்.

1973இல் ஜோன் டார்லியும் டானியல் பாற்சனும் வெளியிட்ட ஆய்வைப் பிறகு வாசித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு சிறு உரை நிகழ்த்தப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். பாதிப்பேர் பேச வேண்டியது நல்ல சமாரியர் உவமையைப் பற்றி; வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியருக்கு நின்று உதவியவரைப் பற்றி இயேசு சொன்ன கதை அது. வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். அவர் ஆய்வாளர்களின் ஆள். ‘நேரம் இருக்கிறது, ஆறுதலாகப் போகலாம்’ என்று அனுப்பப்பட்டவர்களில் 63 வீதமானோர் உதவ முன்வந்தார்கள். ‘பிந்திவிட்டது, ஓடுங்கள்’ என்று துரத்தப்பட்டவர்களில் 10 வீதம்தான். சமாரியரை மனதில் சுமந்துகொண்டு போனவர்கள்கூடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு வேறுபடவில்லை. இரக்கத்தைத் தீர்மானித்தது கைக்கடிகாரம்!

பண்டிகைக் காலத்தின் விசித்திரமும் இதுதான். அன்பைப் பற்றி அதிகம் பேசும் அதே கிழமையில்தான் நாம் அதிகம் ஓடுகிறோம். இங்கே வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து, சல்லியிலும் நிலாவெளியிலும் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் காலமும் அதுவே. அன்றாட உழைப்பில் சீவிப்பவர்களுக்கு அடுப்பெரிவதே பாடு.

2004 டிசம்பர் 26 நினைவுக்கு வருகிறது. நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, போயா (முழுநிலா விடுமுறை) தினம். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த பிறகு பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாமே தங்குமிடங்களாயின. சோற்றுப் பார்சல் கொடுத்தவர்கள் யாருக்கென்று பார்க்கவில்லை. அன்று ஒருவருக்கும் வேறெங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். இது என் ஊகம்தான்.

இப்போதெல்லாம் கேக்கை 22ஆம் திகதிக்கே சொல்லி வைத்துவிடுகிறேன். 24 மாலை குடையோடு அதே வழியால் மெதுவாக நடக்கிறேன். அந்த ஐயாவைப் பிறகு ஒருநாளும் காணவில்லை.