கோலார் தங்கச் சுரங்கத்தில் நிற்கிற தண்ணீரைக் குடிக்கலாமா?

பெங்களூரில் தமிழர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் "எங்க தாத்தா மைன்ஸ்ல இருந்தார்" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். கோலார் தங்கவயலில் உள்ள மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி இங்கே வேலைக்கு வருகிறவர்கள் இன்றும் ஏராளம். எங்கள் ஆபீசில் அப்படி வருகிற ஒருவர் போன வாரம் கேட்டார்: "சுரங்கம் பூரா தண்ணி நிக்குதாம் சார், எங்க ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல, அதை எடுத்தா என்ன?" நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோலார் பாறை கெட்டிப் பாறை. மணலில் ஊறுகிற மாதிரி அதில் தண்ணீர் ஊறாது, வெடிப்புகளில்தான் ஓடும். அந்த வெடிப்புகளும் மேல்மட்டத்தில்தான் அதிகம், கீழே போகப் போகக் குறையும். ஆனால் சுரங்கம் தோண்டினால் அது ஊரிலேயே பெரிய கிணறு ஆகிவிடுகிறது, சுற்றியுள்ள வெடிப்புகளின் தண்ணீரெல்லாம் அதற்குள் வடியும். அதனால்தான் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பம்பு நின்றால் தண்ணீர் தன் பழைய மட்டத்தைத் தேடி ஏறத் தொடங்கிவிடும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தங்கம் இருக்கிற பாறையில் கந்தகம் சேர்ந்த இரும்புத் தாதுக்களும், சில இடங்களில் ஆர்சனிக் கலந்த தாதுவும் உண்டு. மண்ணுக்குள் மூடிக் கிடந்தவரை அவற்றால் தொல்லை இல்லை. சுரங்கம் திறந்ததும் காற்றும் ஈரமும் பட்டு, பாக்டீரியாவும் கைகொடுக்க, கந்தகம் அமிலமாக மாறுகிறது, சுவரில் உப்புப் படிகிறது. ஏறி வருகிற தண்ணீர் முதலில் இந்த உப்பைத்தான் கரைக்கும், அதனால் முதலில் நிரம்புகிற தண்ணீர்தான் மோசமானது. முழுக்க மூழ்கிய பிறகு காற்று போகாது, அமிலம் உண்டாவதும் ஏறக்குறைய நின்றுவிடும். இது எனக்கு நம்பிக்கை தருகிற விஷயம்.

சரி, ஷாஃப்டின், அதாவது சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்குகிற குழியின், வாயிலிருந்து ஒரு பாட்டில் மொண்டு டெஸ்ட் பண்ணினால் போதுமா? போதாது. மழைத்தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். உப்பும் உலோகமும் கரைந்த கனமான தண்ணீர் அடியில் அசையாமல் கிடக்கும். மேலே பார்த்தால் தெளிவாக இருக்கும், ருசிகூட மாறாது. பெரிய பம்பு போட்டு இழுக்கும்போதுதான் அடித்தண்ணீர் மேலே வரும். எனவே மூடிய பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, வேண்டிய ஆழத்தில் திறந்து, ஒவ்வொரு மட்டத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

அப்புறம் சயனைடு மேடுகள், அதாவது சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் மேடுகள். மழை பெய்தால் அவற்றின் சரிவில் ஓடை ஓடையாக அரித்து, வெளுத்த மாவு மாதிரி மண் கீழே இறங்கும். பேர் கேட்டாலே எல்லோரும் சயனைடுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் சயனைடு வருஷக்கணக்கில் சிதைந்து போகும், ஆர்சனிக் சிதையாது. அது ஒரு தனிமம், எங்கேயாவது இருந்தே தீரும்.

ஃப்ளோரைடு கதை வேறு. கோலார் மாவட்டத்துப் போர்வெல்களில் அது அதிகம் வருவதற்குப் பாறையே காரணம், அதற்குச் சுரங்கம் வேண்டியதில்லை. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமும் (வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை) ஆர்சனிக் 0.01 மில்லிகிராமும் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. "நல்லா கொதிக்க வச்சுக் குடிக்கிறோம்" என்றார் நண்பர். கொதித்தால் கிருமி சாகும், ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆர்சனிக்கும் ஃப்ளோரைடும் மிச்சத் தண்ணீரில் இன்னும் கெட்டியாகும். அவர் வீட்டு போர்வெல் தண்ணீரை மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை லேபுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கவும் சொன்னேன்.