கன்ட்ரோலர் இருந்தும் மீன் சாகிறது, ஏன்?

மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்கின்றன, சில அடியில் சாய்ந்து கிடக்கின்றன, செடிகளுக்காகத் தொட்டியில் விடும் கார்பன் டை ஆக்சைடு வாயுவைத் திறந்து மூடும் கன்ட்ரோலரிலோ பி.எச். (அமில-கார அளவு) 6.6 என்று அசையாமல் நிற்கிறது. "மிஷின் சரியாகத்தானே காட்டுகிறது?" செடி வளர்க்கும் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் இந்தக் கேள்வி ஓயவே மாட்டேன் என்கிறது.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: அந்தக் கருவி கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. பி.எச்.சை மட்டும்தான் அளக்கிறது. ஒரே பி.எச்.சில் எவ்வளவு வாயு கரைந்திருக்கும் என்பதை கே.எச். (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) தீர்மானிக்கிறது. கே.எச். 4, பி.எச். 6.6 என்றால் வாயு ஏறத்தாழ 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு). தண்ணீர் மாற்றும்போது கடினமான தண்ணீர் சேர்ந்து கே.எச். 8 ஆகிவிட்டால்? பி.எச். ஏறும், அதை இறக்க கன்ட்ரோலர் வாயு வால்வைத் திறக்கும், மறுபடி 6.6 வரும்வரை மூடாது. அப்போது தொட்டியில் 60 பி.பி.எம். திரையில் அதே 6.6. இணையத்தில் யாரோ சொன்ன பி.எச். எண்ணை அப்படியே கன்ட்ரோலரில் வைக்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். அமிலத்தன்மை தரும் மண், மரக்கட்டையின் கறை, பாஸ்பேட் பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) இருந்தால், கே.எச்., பி.எச். வைத்து வாயுவைச் சொல்லும் அட்டவணையும் கைகொடுக்காது.

உங்கள் எண்ணை உங்கள் தொட்டியிலேயே கண்டுபிடியுங்கள். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் விட்டு பி.எச். பாருங்கள். அதிலிருந்து 1.0 குறைவு என்பது எல்லை, முதல் நாளே அங்கே போகக் கூடாது. சில நாளைக்கு ஒருமுறை 0.1 அல்லது 0.2 மட்டும் இறக்கி மீன்களைக் கவனியுங்கள். 4 கே.எச். கரைசல் ஊற்றிய டிராப் செக்கரும் (வாயு அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பி) உள்ளே இருக்கட்டும். பச்சை நல்லது, மஞ்சள் ஆபத்து. அது ஓரிரு மணி நேரம் தாமதமாகத்தான் நிறம் மாறும், அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தண்ணீரின் தன்மை மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது ப்ரோப், அதாவது நீருக்குள் நின்று பி.எச்.சை அளக்கும் முனை. 0.3 கூடுதலாகக் காட்டினாலே வாயு இரு மடங்கு. மாதம் ஒருமுறை 7.0, 4.0 பஃபரில் காலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்யுங்கள். பஃபரில் வைத்தும் எண் நிலைக்காமல் அலைந்தால் ப்ரோப்பை மாற்றிவிடுங்கள். கழற்றி வைப்பதானால் பொட்டாசியம் குளோரைடு கரைசலில், டிஸ்டில்டு வாட்டரில் கூடவே கூடாது. நுனி எப்போதும் நீருக்குள், நீரோட்டம் உள்ள இடத்தில், வாயுவை நீரில் கரைய விடும் டிஃப்யூசரின் குமிழிகளுக்குத் தள்ளி நிற்கட்டும்.

இதைவிட முக்கியம் நீடில் வால்வு, அதாவது வாயு வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு. கன்ட்ரோலர் திறந்து மூடும் மின்வால்வான சொலினாய்டு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் மீன் பிழைக்கும் அளவுக்குக் குமிழியைக் குறைத்து வையுங்கள். கன்ட்ரோலரை அவசரத் தடுப்பாக மட்டும் நினையுங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை ஒரே கட்டத்தில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டரில் சிலிண்டர் காலியாகும்போது வெளிவரும் அழுத்தம் ஏறும், அந்த நேரம் இன்னும் கவனம் தேவை. டைமரும் கட்டாயம்: விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பு வாயு திறக்கட்டும், விளக்கு அணைவதற்குச் சற்று முன்பே மூடட்டும்.

மீன் மூச்சுக்குத் திணறினால் உடனே சிலிண்டரை மூடுங்கள், ஏர் பம்ப் போட்டு நீர்மட்டத்தை நன்றாகக் கலக்குங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பி.எச்.சை ஏற்றப் பேக்கிங் சோடா மட்டும் கொட்டாதீர்கள். கரைந்த வாயு அதனால் வெளியேறாது, கன்ட்ரோலர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது மேலும் வாயுவைத்தான் திறந்துவிடும்.