உருபனியல்: மார்ஃபாலஜியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழியியல் படிக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே சந்திக்கும் சொல் மார்ஃபாலஜி. ஒரு சொல் எந்தெந்தக் கூறுகளால் ஆனது, அவை எந்த வரிசையில் சேர்கின்றன, சேரும்போது எப்படித் திரிகின்றன என்று ஆராயும் துறை இது. தமிழில் இதற்கு உருபனியல் என்று பெயர். சொல்லியல், உருபியல், சொல்லிலக்கணம் என்றும் எழுதுகிறார்கள். உருபனியல்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

கிரேக்கத்தில் ‘மார்ஃபே’ என்றால் உரு, வடிவம். அதோடு சொல், ஆய்வு என்று பொருள்படும் ‘லோகோஸ்’ சேர்ந்து உண்டான இந்தக் கலைச்சொல் முதலில் மொழிக்காக வந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், தாவரங்களின் உடலமைப்பை ஆராய்ந்த ஜெர்மானியக் கவிஞர் கோத்தே அதைப் பயன்படுத்தினார். 1859இல் ஆகஸ்ட் ஷ்லைஷர் அதை மொழி ஆய்வுக்குக் கொண்டுவந்தார். மொழி பிறந்து வளர்ந்து தேயும் ஓர் உயிர் என்று கருதியவர் அவர். உயிரியலிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பொருள் தரும் மிகச் சிறிய கூறுக்கு ‘மார்ஃபீம்’ என்று பெயர் வைத்தவர் போலந்து மொழியியலாளர் போதுவான் த குர்தனே. பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகைக் குறிக்கும் ‘ஃபோனீம்’ என்ற சொல்லைப் பார்த்து அதே அச்சில் வார்த்தது இது.

தமிழிலும் அதே அச்சுதான். ஃபோனீம் ஒலியன் ஆனது. மார்ஃபீம் உருபன் ஆனது. உருபு என்பது நம் இலக்கணத்தில் பழகிய சொல்: ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளைப் பள்ளியிலேயே ஒப்பித்திருப்போம். அதோடு ‘அன்’ சேர்த்து உருபன். கேட்பதற்கு முருகன், கம்பன் வரிசையில் ஒரு ஆள் பெயர்போல ஒலிக்கிறது என்று கேலி செய்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஒரே வடிவம் இரண்டு வேலை செய்வது தமிழுக்குப் புதிதா என்ன? ‘செய்தனன்’ என்ற சொல்லைப் பிரித்தால் செய் + த் + அன் + அன். முதல் அன் சாரியை, அதாவது இடையில் வரும் துணை அசை; இரண்டாவது அன் ஆண்பால் விகுதி. வடிவம் ஒன்றானாலும் வேலை வேறு, எனவே உருபனும் வேறு.

சரி, ‘உருபியல்’ என்று சுருக்கமாகச் சொன்னால் என்ன? அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஆறாம் இயலுக்கு உருபியல் என்றுதான் பெயர். பெயர்ச்சொல்லோடு வேற்றுமை உருபு சேரும்போது இடையில் எந்தச் சாரியை வரும் என்பதைச் சொல்லும் பகுதி அது. மரம் + ஐ ‘மரமை’ ஆகாமல், அத்துச் சாரியை பெற்று ‘மரத்தை’ ஆவது போன்ற செய்திகள். இது உருபனியலின் ஒரு மூலைதான். சொல்லியல், சொல்லிலக்கணம் இரண்டும் எதிர்த்திசையில் தவறுகின்றன. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடரமைப்பையும் சேர்த்தே பேசுகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் வாசகர் மனத்தில் விரிவது பெரிய பரப்பு.

பொருளால் நெருங்கிய உறவு நன்னூலின் பதவியல். பவணந்தி முனிவர் பதத்தைப் பகாப்பதம் (பிரிக்க முடியாதது), பகுபதம் (பிரிக்கக்கூடியது) என்று வகைப்படுத்தி, பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறு உறுப்புகளைச் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டிலேயே இப்படி ஒரு கருவி. ஆனாலும் பகுபத இலக்கணமும் உருபனியலும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ‘நடந்தான்’ என்பதை நன்னூல் வழியில் பிரித்தால் நட + த்(ந்) + த் + ஆன்: நடுவில் உள்ள த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை. உருபனியலார் பலர் நட + ந்த் + ஆன் என்று மூன்றாகவே நிறுத்துவார்கள். சந்திக்கு என்று தனியாக ஒரு பொருள் இல்லையே, அதை ஏன் தனி உறுப்பாக எண்ண வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கணக்கில் செய்தான், நடந்தான், உண்டான், சென்றான், பாடினான் ஆகியவற்றில் வரும் த், ந்த், ட், ற், இன் எல்லாமே இறந்தகாலம் என்ற ஒரே உருபனின் மாற்றுருபுகள், அதாவது இடத்துக்கேற்ப அது எடுக்கும் வெவ்வேறு வடிவங்கள். எந்த வினைக்கு எது என்பதை வினைப்பகுதி முடிவு செய்கிறது.

இந்த ஐந்தும் ஒரே அளவு உயிர்ப்போடு இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். புதிதாக ஒரு வினை மொழிக்குள் வந்தால் பெரும்பாலும் ‘இன்’னைத்தான் பிடித்துக்கொள்கிறது. இணையத்தில் விளையாட்டாக ‘கிளிக்கினேன்’, ‘ட்வீட்டினார்’ என்று எழுதுபவர்களுக்கு யாரும் விதி சொல்லித் தரவில்லை. பெயராக்க விகுதிகளிலும் இதே கதை. கல்வி, கேள்வி, வேள்வி, பிறவி எல்லாம் ‘வி’ பெற்றவை. அந்த ‘வி’யைக் கொண்டு இன்று புதுப் பெயர் ஆக்குவது அரிது. ‘தல்’ அப்படியில்லை, கிளிக்குதல் வரை எதற்கும் வரும். அப்புறம், ‘குருவி’யும் வி-யில் முடிகிறதே என்று அதைப் பிரிக்கக் கிளம்பக் கூடாது. குரு என்ற வினை அங்கே இல்லை. அது முழுதாக ஒரே உருபன்.

குருவிபோலத் தனித்து நிற்பது தனி உருபன். கள், ஐ, ஆன் போல ஒட்டியே வருவது கட்டுருபன். ‘நடி’யிலிருந்து ‘நடிப்பு’ என்று வேறொரு சொல் உண்டானால் அது ஆக்கம். ‘நடித்தாள்’, ‘நடிப்பாள்’ என்று அதே சொல் காலத்துக்கும் பாலுக்கும் ஏற்ப வடிவம் மாறினால் அது திரிபு.

ஓர் எச்சரிக்கை. உயிரியல் நூலில் மார்ஃபாலஜி என்று கண்டால் உருபனியல் என்று எழுதிவிடாதீர்கள். இலை, தண்டு, உடல் ஆகியவற்றின் வடிவத்தைப் பற்றிய பேச்சு அது. அங்கே புறஅமைப்பியல் அல்லது உருவவியல் என்பதே பொருந்தும். உருபன் மொழிக்குள் மட்டும் இருப்பது.