முள்வேலிக்கு அப்பால் செல்லாத காசு

திருகோணமலை உவர்மலையில் உள்ள என் வேலைமேசைக்குப் பெரும்பாலும் வருபவை கறையான் அரித்த காணி உறுதிகளும், மழையில் நனைந்த பிறப்புச் சான்றிதழ்களும், கோயில் கணக்குக் கொப்பிகளுமே. பழைய தாளைப் பழுதுபார்த்துப் பேணுவதே என் தொழில். அண்மைக்காலமாக, இவற்றோடு ஏதாவதொரு பழைய நாணயத்தாளை நீட்டி, "இது போர்க்கைதி முகாம் நோட்டாம், நல்ல விலை போகுமாம்" என்று கேட்பவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் படம் பார்த்து எவரோ சொன்ன விலையை நம்பி வருபவர்களும் உண்டு. அதே விலையைக் கொடுத்து வாங்கிவிட்டு வருபவர்களும் உண்டு. இரு தரப்பினருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

முகாம் நோட்டு ஏன் அச்சிடப்பட்டது என்பதை அறிந்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் அதன்பின் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும், கைதியாகப் பிடிபட்ட அதிகாரிக்குச் சம்பளமும் வேலை செய்யும் சிப்பாய்க்குக் கூலியும் கொடுக்கவேண்டும் என்று விதித்தன. ஆனால் நாட்டில் வழங்கும் உண்மையான பணத்தைக் கைதியின் கையில் கொடுத்தால், அவன் வேலியைத் தாண்டிய அடுத்த நாளே அது ரயில் பயணச்சீட்டாகவும் சாதாரண உடுப்பாகவும் மாறிவிடும். ஆகவே முகாமின் சிற்றுண்டிச்சாலையில் சவர்க்காரமும் சிகரெட்டும் வாங்க மட்டுமே உதவக்கூடிய, வேலிக்கு வெளியே வெறும் கடதாசியாகிவிடக்கூடிய ஒரு காசு தேவைப்பட்டது. முதலாம் உலகப்போரில் ஜேர்மனியிலும் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிலும் முகாம்கள் தத்தமக்கெனத் தனித்தனி நோட்டுகளை அச்சிட்டன. வகைகள் பெருகியதற்கும் சேகரிப்பவர்கள் அவற்றின்மேல் பித்துக்கொண்டதற்கும் அதுவே காரணம். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனி 1939இலிருந்து எல்லா முகாம்களுக்கும் பொதுவான ஒரே வரிசையை, 1 பெனிக்கிலிருந்து 10 மார்க் வரை, வெளியிட்டது. அமெரிக்காவில் அடைக்கப்பட்ட ஜேர்மன் சிப்பாய்களுக்கு நாளொன்றுக்கு 80 சதம் கூலி, சிற்றுண்டிச்சாலைக் கூப்பன்களாகவே கிடைத்தது. வட ஆபிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியர்களை வைத்திருந்த யோல், போபால், பெங்களூர் போன்ற இந்திய முகாம்களிலும் அணாவிலும் ரூபாயிலும் மதிப்பிட்ட கூப்பன்கள் வழங்கின.

எனவே எந்த நோட்டைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது, அது எங்கே செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறதா என்பதைத்தான். முகாம் நோட்டு தன் எல்லையைத் தானே சொல்லும். முகாமின் பெயரோ, போர்க்கைதிகளுக்கு மட்டும் என்ற வாசகமோ, அலுவலக முத்திரையோ ஏதாவது ஒன்று அதில் இருக்கும்.

இந்தச் சோதனையிலேயே நம் ஊருக்கு வரும் நோட்டுகளில் பெரும்பாலானவை விழுந்துவிடுகின்றன. முதலிடம் மலாயாவின் வாழைமர நோட்டுக்கு. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன நம்மவர்களின் றங்குப்பெட்டிகளில் இது கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. 1942இலிருந்து ஜப்பானிய அரசு அங்கே புழக்கத்தில் விட்ட பணம் அது. 10 டொலர் நோட்டில் வாழை மரம் இருக்கும், மலாயாவைக் குறிக்கும் எம் என்ற எழுத்து இருக்கும். ஜப்பான் வெளியிட்டதாலும் போர்க்காலத்தது என்பதாலும் அதைக் கைதி நோட்டு என்று விற்கிறார்கள். ஆனால் அது ஒரு நாடு முழுவதற்குமான ஆக்கிரமிப்புப் பணம். அச்சிட்டுக் குவித்ததால் இன்றைக்கும் மலிவாகவே கிடைக்கிறது. இரண்டாவது, 1942இல் உலோகத் தட்டுப்பாட்டினால் இலங்கையில் வெளிவந்த சிறு நோட்டுகள். அவற்றுள் 5 சத நோட்டு நடுவில் துளைவரிசை இட்டது. கிழித்தால் 2 சதமும் 3 சதமுமாகப் பிரியும். இவ்வளவு சிறிய, இவ்வளவு விசித்திரமான தாளைப் பார்த்து முகாம் கூப்பன் என்று நினைப்பவரை நான் குறைசொல்லமாட்டேன். மூன்றாவது, பிரித்தானியப் படையினருக்கு 1946இலிருந்து வழங்கிய சிறப்பு வவுச்சர்கள். 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த எங்கள் ஊரில் அவை ஒன்றிரண்டு தென்படுவதில் வியப்பில்லை; படையினரின் சிற்றுண்டிச்சாலைகளில் மட்டும் செல்லும் என்று எழுதியிருக்கும், ஆனால் அதை வைத்திருந்தவர் கைதி அல்லர், காவலர்.

தியத்தலாவையின் பெயரைச் சொல்லி விற்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். 1900 தொடக்கம் அங்கே தென்னாபிரிக்காவில் பிரித்தானியருடன் போரிட்டுப் பிடிபட்ட ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் இருந்தார்கள் என்பது உண்மை. அந்த வரலாறு உண்மை என்பதனால், விற்பவர் கையிலுள்ள தாளும் உண்மையாகிவிடாது.

வேறொரு குழப்பம் விலையைவிட மனச்சாட்சியைத் தொடுவது. 1943ஆம் ஆண்டுத் திகதியிட்ட, மோசே கற்பலகைகளை ஏந்தி நிற்கும், நாஜிகளின் தெரேசியென்ஸ்டாட் தடுப்பு முகாம் நோட்டுகளும் முகாம் பணம் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. அங்கே அடைக்கப்பட்டவர்கள் போர்க்கைதிகள் அல்லர், யூதக் குடும்பங்கள்; அந்த நோட்டுக்குப் பின்னால் எந்த உடன்படிக்கையும் இருக்கவில்லை, வெளியுலகை ஏமாற்றும் நாடகமே இருந்தது. அதிகம் கைமாறாமையினால் பல நோட்டுகள் புத்தம் புதிதாகவே எஞ்சியுள்ளன; மொறுமொறுப்பாக இருக்கிறது என்பதற்காக அதிக விலை கேட்டால் கொடுக்கவேண்டாம்.

போலிகளைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. பெரும்பாலான முகாம் நோட்டுகள் எளிய அச்சில் வந்தவை. அவற்றின் எளிமையே போலி செய்பவருக்குத் துணை. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், எழுத்துகள் வண்ணப் புள்ளிகளாகச் சிதறுவது கணினி அச்சு. பழைய ஈய எழுத்து அச்சு தாளைச் சற்றே அழுத்தியிருக்கும், விரல்நுனிக்கும் தெரியும். இருட்டறையில் புறஊதா விளக்கின்கீழ் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், ஏறத்தாழ 1950க்குப் பின்னரே தாளில் பரவலாகச் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டி அதில் இருக்கிறது. சவர்க்காரத்தூள் பட்ட தாளும் அப்படி ஒளிரும் என்பதால், நான் இந்த ஒரு சோதனையோடு தீர்ப்புச் சொல்வதில்லை.

இனி என் தொழிலுக்கு நேரடியாக உரிய விடயம். உண்மையான நோட்டுகளைப் போலியைவிட அதிகமாகக் கெடுப்பவர்கள் அவற்றை நேசிப்பவர்களே. இதில் என் பங்கும் உண்டு. தொழிலின் தொடக்கத்தில், துருப்பிடித்த குண்டூசியின் கறையைப் போக்க ஒரு முகாம் நோட்டை நீரில் இட்டேன். ஊதா முத்திரை மை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து பரவியது. எந்த முகாம் என்று சொன்ன ஒரே சாட்சி அந்த முத்திரை. அக்கால இறப்பர் முத்திரை மைகள் நீரில் கரையும் சாயங்கள் என்பதை அன்று நட்டம் கொடுத்துக் கற்றேன். ஆகவே கழுவவேண்டாம், இஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்க்கவேண்டாம், கிழிசலுக்கு ஒட்டுநாடா போடவேண்டாம். லெமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் உருகித் தாளோடு ஒன்றான பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்க என்னால் முடிந்ததில்லை. மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்துக்கொள்ளும். பொலியெஸ்டர் உறையோ அமிலமற்ற தாளோ போதும். வாடைக்காற்று மாதங்களில் நம் கரையோர வீடுகளின் சுவரே வியர்க்கும் என்பதால் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கச்சான் வீசும் காலத்தில் பெட்டியைத் திறந்து, வெயில் படாத இடத்தில் காற்றாடவிட்டு, இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்ற மாதம் வந்த ஓர் அம்மா கொண்டுவந்தவை பதினொரு வாழைமர நோட்டுகளும் ஓர் 5 சத நோட்டும். கைதி நோட்டு எதுவும் இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. நோட்டுகளைச் சுற்றியிருந்த பழுப்பு உறையில், கோலாலம்பூரில் அரிசியும் தேங்காயெண்ணெயும் மாதத்துக்கு மாதம் என்ன விலைக்கு ஏறின என்று அவருடைய அப்பப்பா பென்சிலில் எழுதி வைத்திருந்தார். "தம்பி, அந்தப் பழைய கவரை எறியட்டோ?" என்று கேட்டார். அதற்குத்தான் முதலில் நல்ல உறை ஒன்று செய்து கொடுத்தேன்; நோட்டுகளை அதன் பின்னால் வைத்தேன்.