ரொட்டிப் பூஞ்சணத்தில் பென்சிலின் இருக்குமா?

பூஞ்சணம் பிடித்த ரொட்டியில் அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு, "இதிலிருந்துதானே பென்சிலின் எடுக்கிறார்கள்" என்று மீதியைச் சாப்பிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து சாப்பிடாதீர்கள்.

நிறம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் பூஞ்சை வித்துகளை வெளிவிடும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே நிறமில்லாத இழைகள் ரொட்டிக்குள் இறங்கியிருக்கும். கறுப்பாக இருப்பது பெரும்பாலும் ரைசோபஸ் எனும் பூஞ்சை. நிமிர்ந்து நிற்கும் இழையின் நுனியில் உருண்டைப் பை. அது உடைந்தால் ஏராளமான வித்துகள் காற்றில் பறக்கும். நீலப்பச்சை என்றால் பெரும்பாலும் பெனிசிலியம் எனும் பூஞ்சை. இதற்குப் பை கிடையாது. நுனி துடைப்பம்போலக் கிளைத்து, கிளைதோறும் கொனிடியா எனும் வித்துகள் சங்கிலியாகத் தொங்கும். இரண்டுமே பாலிலா இனப்பெருக்கம். முகர்ந்து பார்த்தால் வித்துகள் மூக்குக்குள் போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

பெனிசிலியத்திலும் எல்லா இனமும் பென்சிலின் தராது. 1928இல் பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங்கின் பூஞ்சை தந்தது மிகச் சொற்பம். உற்பத்தியைத் தூக்கிவிட்டது, 1943இல் அமெரிக்காவின் பியோரியாவில் ஒரு முலாம்பழத்தில் கிடைத்த இனம்.

ஆலையில் அதை ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸில், அமில கார அளவு 6.5 அருகே வைத்து, கிருமி நீக்கிய காற்றை விடாமல் செலுத்தி வளர்ப்பார்கள். குளுக்கோஸை மொத்தமாகக் கொட்டினால் பூஞ்சை கொழுக்குமே தவிர மருந்து சுரக்காது. வளர்ச்சி மந்தமாகும்போதுதான் பென்சிலின் வரும். அதனால் சர்க்கரையைச் சிறிது சிறிதாக விடுவார்கள். பென்சிலின் ஜி எனும் வகை வேண்டுமென்றால் ஃபீனைல் அசிட்டிக் அமிலமும் தேவை. அது மிஞ்சினால் பூஞ்சைக்கே நஞ்சு. பென்சிலினைச் சிதைக்கும் பாக்டீரியா உள்ளே நுழைந்துவிட்டால் தொட்டி முழுவதும் வீண். பிறகு வடிகட்டி, குளிரவைத்து, அமிலமாக்கி, பியூட்டைல் அசிடேட் எனும் கரைப்பானில் பிரித்தெடுக்க வேண்டும். அதையும் சட்டென்று செய்ய வேண்டும், அமிலத்தில் பென்சிலின் நிலைக்காது.

உங்கள் ரொட்டியில் இதெல்லாம் நடப்பதில்லை. எந்த இனம், எந்த நச்சு என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. நிலக்கடலையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் எனும் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கும் மருந்து. பூஞ்சையின் சுவர் கைட்டின் முதலியவற்றால் ஆனது. அதை இது தொடாது. தான் சுரக்கும் மருந்தில் அந்தப் பூஞ்சையே சாகாததும் இதனால்தான். பூஞ்சையால் வரும் படர்தாமரைக்கு, பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலினை மெடிக்கலில் வாங்கிப் போட்டால் அரிப்பு அடங்காது. நம் உடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, வாயிலும் பிறப்புறுப்பிலும் கேண்டிடா பூஞ்சை பெருக இடம் கிடைக்கும்.