மேடையில் இரையும் 'ம்ம்ம்': அது எங்கிருந்து வருகிறது?

"வீட்டில் பாட்டு பதிவு செய்ய ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறேன். அதையே லேப்டாப்போடு மேடைக்கும் கொண்டுபோய் எலக்ட்ரானிக் இசை வாசிக்க முடியுமா? நண்பரின் கருவி வீட்டில் சுத்தமாகக் கேட்கிறது, மேடையில் 'ம்ம்ம்' என்று இரைகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக், கருவிகளின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள்ளும், கம்ப்யூட்டரின் ஒலியை வெளியேயும் கொண்டுபோகும் பெட்டி. முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக முடியும். எதைப் பார்த்து வாங்குவது என்பதை இரண்டாவது கேள்விதான் சொல்லிக் கொடுக்கும்.

வாசித்தது கம்ப்யூட்டர் வழியாக வந்து காதில் விழ ஆகும் தாமதத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதை முதலில் முடித்துவிடலாம். கம்ப்யூட்டர் ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்தெடுத்த மாதிரிகளாக, கட்டுக் கட்டாக வாங்கிக் கையாள்கிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 48,000 மாதிரிகள், பஃபர் 128 என்றால் ஒரு கட்டுக்குச் சுமார் 2.7 மில்லிநொடி. அதற்குள் ஒலி காற்றில் 90 சென்டிமீட்டர்தான் போயிருக்கும். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸ் செய்யும்போது 1024 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். சிறிய பஃபரிலும் ஒலி விட்டுவிட்டு வராமல் பார்த்துக்கொள்வதில் டிரைவருக்கு, அதாவது இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே பெட்டிமேல் அச்சிட்ட 192 கிலோஹெர்ட்ஸைவிட (நொடிக்கு 1,92,000 மாதிரிகள்) டிரைவரின் தரத்தைத்தான் விசாரிக்க வேண்டும். நம் காது கேட்பது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். மாதிரிகளின் எண்ணிக்கை அதன் இரு மடங்குக்கு மேல் இருந்தால் சரி என்பதால் 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். மேடையில் லேப்டாப் சார்ஜரின் எர்த் ஒரு பிளக்கில் இருக்கும், மிக்ஸரின் எர்த் அரங்கின் மறுகோடியில் இன்னொரு பிளக்கில் இருக்கும். இரண்டும் எர்த்தான் என்றாலும் நடுவில் கொஞ்சம் மின்னழுத்த வித்தியாசம் இருக்கவே செய்யும். ஆடியோ கேபிளை மாட்டியதும் அதன் மேலுறை இரண்டு எர்த்தையும் இணைத்து ஒரு வளையத்தை மூடிவிடுகிறது. மின்னோட்டம் அதில் சுற்ற ஆரம்பிக்கிறது. கிட்டாருக்குப் போடுகிற சாதாரண ஜாக் கேபிளில் உள்ளே ஒரே கம்பிதான். சிக்னல் திரும்பிப் போகும் வழியே மேலுறைதான். அதனால் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் இசையோடு கலந்துவிடுகின்றன. வீட்டில் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியிருப்பதால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரிவதில்லை.

இதற்கு எதிரான தந்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மைக்குக்குப் போடுகிற மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளில் மேலுறைக்குள் இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்றில் சிக்னல் நேராகப் போகிறது, மற்றொன்றில் தலைகீழாக. முதலாவதில் +1 வோல்ட் இருக்கும் கணத்தில் இரண்டாவதில் –1 வோல்ட். வழியில் 0.2 வோல்ட் இரைச்சல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கம்பிகளும் ஒட்டியே ஓடுவதால் இரண்டிலும் ஒரே அளவுதான் ஏறும். இப்போது ஒன்றில் 1.2, மற்றதில் –0.8. மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது: 1.2 கழித்தல் –0.8, சரியாக 2. இரைச்சல் போன இடம் தெரியவில்லை!

இதில் இன்னும் அழகான விஷயம், இரண்டாவது கம்பியில் சிக்னலே இல்லாவிட்டாலும் கணக்கு பலிக்கும் என்பது. 1.2 கழித்தல் 0.2, அதாவது 1. சிக்னல் பாதியாகிறதே தவிர, இரைச்சல் அப்போதும் ஒழிகிறது. அப்படியானால் 'தலைகீழ் சிக்னல்தான் இரைச்சலைக் கொல்கிறது' என்று பலர் சொல்லித் தருவது சரியல்ல. உண்மையான வேலையைச் செய்வது சமநிலை: இரண்டு கம்பிகளும் எர்த்துக்குக் காட்டும் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு, ஒரே அளவாக இருப்பது. அது சமமாக இருந்தால்தான் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும், கழித்தலும் சுத்தமாக நடக்கும். இத்தகைய இணைப்புக்கு வைத்த பேலன்ஸ்டு என்ற பெயரே அந்தச் சமநிலையைக் குறிப்பதுதான்.

கம்பிகளை முறுக்கி வைப்பதும் இதற்காகத்தான். இரைச்சல் வரும் பக்கத்துக்கு ஒரு கம்பி கொஞ்சம் கிட்டே இருந்தால் அதில் கூடுதலாக ஏறும். முறுக்கினால் இரண்டும் மாறி மாறிக் கிட்டே வரும், கணக்கு நேராகிவிடும். தொலைபேசிக் கம்பிகளின் தொல்லை தாங்காமல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இந்த முறுக்கு இணைக்கு 1881இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய நெட்வொர்க் கேபிளுக்குள்ளும் அதே முறுக்குதான்.

இந்தக் கழித்தலை அறியாமல் தங்கமுலாம் கேபிளிலும், 'ஒலி இந்தத் திசையில் பாய்ந்தால் இனிமை' என்ற விளம்பரத்திலும் காசைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தங்கம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். ஒலி சிக்னல் மாறுமின்னோட்டம். நொடிக்குப் பல நூறு தடவை அதுவே திசை மாறிக்கொண்டிருக்கிறது. இது மூடநம்பிக்கை, அறிவியல் வேடம் போட்டிருப்பதால் கூடுதல் ஆபத்து.

ஆக, வாங்கும்போது பேலன்ஸ்டு வெளியீடுகள் குறைந்தது நான்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அரங்குக்கு, இரண்டு உங்கள் காதுக்கான தாளத்துக்கும் அடுத்த பாட்டைச் சரிபார்க்கவும். வீட்டில் மைக் பதிவுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் உள்ளீடு ஒன்றிரண்டு போதும். ஹெட்போன், மேடைக்கு மூடிய வகை. மிக்ஸுக்குத் திறந்த வகை கிடைத்தால் நல்லது.

பழைய சின்தசைசர், டிரம் மெஷின் போன்ற மின்னணு இசைக்கருவிகளில் பெரும்பாலும் ஒற்றைக் கம்பி வெளியீடுதான். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றைச் செருகுங்கள், ஒற்றைக் கம்பி சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றும் சிறு பெட்டி அது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் உள்ளே வேலை செய்கிறது: இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தொடாமலே சிக்னல் காந்தப்புலம் வழியாகக் கடக்கும். பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் எர்த் வளையமும் அறுந்துவிடும். பிளக்கின் எர்த் முனையை உடைத்து இரைச்சலை நிறுத்துகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு உலை.

மேடையில் இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரை உருவிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வளையம்தான், அப்புறம் டிஐ பாக்ஸ் பார்த்துக்கொள்ளும். நிற்காவிட்டால் ஆடியோ கேபிள் ஏதாவது மின்கம்பியோடு சேர்ந்து ஓடுகிறதா என்று தேடி, தள்ளிப் போடுங்கள். இடமில்லையென்றால் செங்கோணத்தில் குறுக்கே கடக்க விடுங்கள்.