கிரேஸ் என்றால் கருணையா?

போன வாரம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "தங்கள் கருணைக் காலம் முடிவடைய உள்ளது." தவணை கட்ட மறந்தது என் தப்புதான். அதற்காக நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்ட மாதிரியா சொல்வது? அன்று இரவே ஒரு மொழிமாற்றுப் படம். சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பமே கைகோத்து உட்கார்ந்திருக்கிறது. "இன்று யார் கருணை சொல்வது?" என்கிறார் அப்பா. தட்டில் ஆவி பறக்க, சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கருணை சொல்கிறாள். கருணையைக் காட்டலாம், பொழியலாம். எப்படி ஐயா சொல்வது? இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் இருந்தது 'கிரேஸ்' (grace) என்ற ஒரே சொல்தான்.

அந்தச் சொல்லின் மூலம் பெரிய புதிர் இல்லை. லத்தீனில் கிராத்தியா, தயவு, இனிமை, நன்றி எல்லாம் அதற்குள் அடக்கம். ஸ்பானியர் நன்றிக்குச் சொல்லும் கிராசியாஸும், இலவசம் என்று பொருள்படும் கிராட்டிஸும் அதன் பிள்ளைகள். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இதற்கு நிகர் காரிஸ்: நம் தகுதியைப் பாராமல் கடவுள் தாமாகத் தருவது. சாப்பாட்டு மேசையில் அந்தப் பெண் சொன்னது நன்றி. நம் வீடுகளில் "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடு" என்போமே, அதுதான்.

கருணை வேறு. அது பிறக்க எதிரே ஒரு துன்பமோ குற்றமோ இருந்தாக வேண்டும். தூக்குத் தண்டனைக் கைதி அனுப்புவது கருணை மனு. தீராத நோயாளியைப் பற்றிப் பேசும்போது கருணைக் கொலை. இவையெல்லாம் ஆங்கிலத்தில் மெர்சி, கிரேஸ் அல்ல. இரண்டும் ஒன்றுதானே என்பவர்கள் பைபிளில் எபிரெயர் 4:16ஐப் புரட்டிப் பார்க்கட்டும். "நாம் இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபையை அடையவும்" என்று ஒரே வசனத்தில் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

கிருபையும் வடமொழியில் இரக்கம்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் சபையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி அது தன் பழைய பொருளைவிட்டு நகர்ந்துவிட்டது. "கர்த்தருடைய கிருபையில நல்லா இருக்கோம்" என்பவர் மனதில் தன்னிரக்கம் துளியும் இருக்காது. ஆங்கிலச் செபத்தில் மரியாள் 'ஃபுல் ஆஃப் கிரேஸ்'. எங்கள் பாட்டி கடைசிவரை அதைப் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் செபமாலையில் சொன்னார். சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். பிரியத்தால் தத்தம் செய்யப்பட்டது, அதாவது அன்பால் கொடுக்கப்பட்டது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: வாயில் நுழையாத அந்தச் சொல் பொருளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

இன்று அதே மந்திரம் "அருள் நிறைந்த மரியே". என் ஓட்டு அருளுக்குத்தான். "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்ற மாணிக்கவாசகர் வரியில், வணங்குவதற்கே அவன்தான் அருள வேண்டியிருக்கிறது. கிரேஸ் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்த இறையியல் நூல் சொல்லிவிடும்? 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த போப் ஐயரும் அருளைக் கிரேஸ் என்றே எழுதினார்.

"அப்படியானால் நற்கருணை?" என்று மடக்கினார் ஒரு நண்பர். கிறிஸ்தவர்கள் கோயிலில் அப்பமும் இரசமும் பெறும் அந்தச் சடங்குக்கு ஆங்கிலத்தில் யூகரிஸ்ட். அதில் 'யூ' நல்ல, 'காரிஸ்' கருணை என்று உறுப்புகளைப் பிரித்து ஆக்கிய சொல் போலத்தான் தெரிகிறது. கிரேக்கத்தில் முழுச்சொல்லுக்குப் பொருள் நன்றி செலுத்துதல். ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க நான் சொல்லவில்லை. அதைச் சாட்சிக்கு அழைத்து வர வேண்டாம்.

கோயிலைவிட்டு வெளியே வந்தால்தான் எனக்கு ஆத்திரம். கேள்வித்தாளில் கேள்வியே தவறு. மாணவருக்கு நாலு மதிப்பெண் போடுகிறார்கள். செய்தியில் அதற்குக் 'கருணை மதிப்பெண்' என்று பெயர். தவறு செய்தவர் கேள்வி எழுதியவர், கருணை காட்டப்படுவது மாணவருக்கா? இழப்பீட்டு மதிப்பெண் என்று எழுதினால் என்ன? ஓரிரு மதிப்பெண்ணில் தோற்றவரைத் தூக்கிவிடுவதென்றால் சலுகை மதிப்பெண். காப்பீட்டுக்காரர் 'கூடுதல் அவகாசம்' என்றால் எந்த வாடிக்கையாளருக்குப் புரியாமல் போகும்? ஆடுபவரிடம் இருக்கும் கிரேஸ் நளினம். பதவியும் பேரும் போன அரசியல்வாதியைக் "கிருபையினின்று விழுந்தார்" என்று எழுதுவது கலாத்தியர் 5:4க்குப் பொருந்தும், செய்தித்தாளுக்குப் பொருந்தாது, 'செல்வாக்கிழந்தார்' போதும். ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்று அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுகிறவர்களால் வரும் வினை இது.

கருணை உண்மையிலேயே பொருந்துகிற ஒரு கிரேஸும் உண்டு. குற்றுயிராய்த் துடிப்பவரின் வேதனையை முடிக்கும் கடைசி அடியைப் பிரெஞ்சுக்காரர் கூ த கிராஸ் என்பார்கள். அதை மட்டும் நம்மவர்கள் 'மரண அடி' என்று எழுதிவிடுகிறார்கள்.